ஆர்க்டிக் ஹோலோசீன் தரவுத்தொகுப்பு: ஏரிப் படிவு ஆய்வாளருக்கு எவ்வளவு பயன்படும்?

ஹன்னா சுன்ட்க்விஸ்ட் தலைமையிலான குழு 2014இல் வெளியிட்ட இந்தத் தொகுப்பில், 58 பாகை வட அட்சரேகைக்கு வடக்கே உள்ள 170 இடங்களிலிருந்து திரட்டப்பட்ட 320 பதிவுகள் உள்ளன; ஹோலோசீன் எனப்படும் கடந்த சுமார் 11,700 ஆண்டுகளின் காலநிலையை மறைமுகமாகக் காட்டுபவை இவை. அவற்றுள் 60 விழுக்காடு ஏரிப் படிவுகள். கட்டணம் எதுவும் இல்லை.

ஒவ்வொரு பதிவும் குறைந்தது 6,000 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும், 3,000 ஆண்டுகளுக்கு ஒரு காலக்கணிப்பாவது இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். அதையும் தாண்டி, ரேடியோகார்பன் (கதிரியக்கக் கரிமத்தை வைத்துக் கணித்த) வயதுகளை அப்படியே இணைத்து, அவற்றை அடிப்படையாகக் கொண்ட ஏரி, கடல் படிவுகளின் காலக்கணிப்பு எவ்வளவு நம்பகமானது என்பதற்கு மதிப்பெண்ணும் கொடுத்திருப்பதே இத்தொகுப்பின் பெரிய பலம் என்பேன். ஆர்க்டிக் நிலத்தில் குளிரால் தாவரங்கள் எளிதில் மட்குவதில்லை. நூற்றாண்டுகளுக்கு முன் மடிந்தவற்றின் கரிமம் மெல்ல அரித்துவரப்பட்டு ஏரியில் படிவதால், படிவு மண்ணை மொத்தமாக வைத்துக் கணித்த வயது உண்மையைவிடக் கூடுதலாக வந்துவிடும். அதே அடுக்கில் கிடைத்த ஓர் இலைத்துணுக்கை வைத்துக் கணித்த வயதே நம்பத்தக்கது. இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் இரண்டு ஏரிகளின் வளைகோடுகளை அருகருகே வைத்தால், ஒரே வெப்பக் காலம் இரண்டாகத் தோன்றக்கூடும்.

ஏரியின் உயிர்வள உற்பத்தியை அறிய வருபவர்கள் மட்டும் சற்று நிதானிக்க வேண்டும். தொகுப்பின் நோக்கம் காலநிலை. 61 விழுக்காடு பதிவுகள் வெப்பநிலையை, அதிலும் பெரும்பாலும் கோடை வெப்பத்தைக் காட்டுபவை. உற்பத்தியை அறிய உதவும், டயட்டம் என்னும் நுண்பாசிகள் விட்டுச்சென்ற சிலிக்காவின் அளவோ வெப்பத்தை மட்டும் சார்ந்ததல்ல: பனிக்கட்டி எத்தனை நாள் ஏரியை மூடியிருந்தது, கரையிலிருந்து எவ்வளவு ஊட்டச்சத்து வந்தது என்பவையும் அதைத் தீர்மானிக்கின்றன. பனியாறு அரைத்துத் தள்ளிய நுண்மண் ஏரியில் அதிகமாகக் கலந்தால், பாசி குறையாமலேயே சிலிக்காவின் விழுக்காடு சரிந்துவிடும். ஆகவே விழுக்காட்டோடு, படிவு சேர்ந்த வேகத்தையும் கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம்.

இடப்பரவலில் குறை வெளிப்படையானது. பதிவுகளில் 31 விழுக்காடு ஃபென்னோஸ்காண்டியாவை (ஸ்காண்டிநேவியாவும் ஃபின்லாந்தும் சார்ந்த வட்டாரம்) சேர்ந்தவை. பரந்து கிடக்கும் ரஷ்ய ஆர்க்டிக்கிலிருந்து தேறியவை ஐந்தே ஐந்து. ஸ்காண்டிநேவிய ஏரிகளை ஒப்பிடுபவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆர்க்டிக் முழுமைக்குமான சராசரி ஒன்றை இதிலிருந்து எடுக்க நினைப்பவர்கள், வட்டாரவாரியாக எடையிட்ட பிறகே அதைச் செய்யட்டும்.