"நல்லா ஓடுது பாருங்க" என்று வீடியோ வந்தால் உஷார்: பழைய ஷண்டிங் இன்ஜின் வாங்குகிறவர்களுக்கு

பிரிட்டனில் செகண்ட் ஹேண்ட் மாடல் ரயில் வாங்குகிறவர்கள், ஊரிலிருந்து "அங்கே பழசு மலிவாகக் கிடைக்குமாமே, ஒன்று பிடித்து அனுப்பேன்" என்று கேட்கிறவர்கள், இரு தரப்புக்கும் இந்தப் பதிவு. நான் வாங்கியது ஓஓ அளவில் (நிஜத்தில் 76-இல் ஒரு பங்கு) ஒரு கிளாஸ் 08 ஷண்டர். விற்றவர் பெயரையும் மாடல் செய்த கம்பெனியின் பெயரையும் போடவில்லை. கம்பெனி மேல் தப்பில்லை. விற்றவர் பெயரைப் போட்டால் பேச்சு அவரைப் பற்றியதாகிவிடும். அவர் செய்த வேலையைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இதைச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

08 தெரியாதவர்களுக்கு: யார்டில் பெட்டிகளைத் தள்ளி, இழுத்து, பிரித்து, சேர்க்கும் ஆறு சக்கர டீசல் இன்ஜின். 350 குதிரைத்திறன். 1952 முதல் 1962 வரை 996 கட்டினார்கள். மணிக்கு 15 மைல்தான் வேகம், சிலவற்றுக்கு 20. இன்றைக்கும் சில டிப்போக்களில் உறுமிக்கொண்டு நிற்கின்றன. மாடல் ரயில் வைத்திருக்கும் பிரிட்டன் வீடுகளில் பாதியிலாவது ஒன்று இருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. அதனால்தான் பழைய சந்தையில் இது இவ்வளவு புழங்குகிறது, ஏமாற்றும் நடக்கிறது.

எங்கள் கிளப்பில் அவ்வப்போது ஒரு மாலை, எல்லோரும் தங்களிடம் உள்ள சின்ன ஷண்டிங் இன்ஜினை எடுத்து வந்து ஒரே மேசையில் ஓட்டிக் காட்டுவோம். மேசையில் இருப்பது இங்கிள்நூக். ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய ஷண்டிங் புதிர். இரண்டு பாயிண்ட் (தண்டவாளம் பிரியும் இடம்), மூன்று சைடிங் (வேகன்களை நிறுத்தும் கிளைத் தண்டவாளம்). ஒன்றில் ஐந்து வேகனுக்கு இடம், மற்ற இரண்டில் மும்மூன்றுக்கு. எட்டு வேகன்களை நிறுத்திவிட்டு, சீட்டு எடுத்து, வந்த வரிசையில் ஐந்தைக் கோத்துக் கொண்டுவர வேண்டும். கேட்க எளிது. ஆனால் வரிசைகள் மட்டும் 6,720. ஒருவர் ரஸ்டன் 48டிஎஸ் கொண்டுவருவார்; தீப்பெட்டி மாதிரி நாலு சக்கர இன்ஜின். அத்தனை சின்ன இன்ஜின் தண்டவாளத்திலிருந்து மின்சாரத்தை ஒழுங்காக எடுக்காது என்பதால், கூடவே ஒரு தட்டை வேகனைக் கோத்து அதன் சக்கரங்களிலிருந்தும் மின்சாரம் எடுக்கும்படிதான் அந்த மாடலையே செய்திருக்கிறார்கள். இன்னொருவரிடம் ஒரு பெக்கெட் நீராவி இன்ஜின். எல்லாம் எறும்பு வேகத்தில் போகும், கப்ளிங் (வண்டிகளைக் கோக்கும் கொக்கி) தொடும்போது "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் வரும். இந்த மாலைகளின் ருசியே அதுதான். வேகமாக ஓட்ட ஆசைப்படுகிறவன் ஷண்டர் பக்கம் வரவே மாட்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு விற்பனைக் குழுவில் விளம்பரம் வந்தது: நீல நிற 08, மிகக் குறைவாக ஓடியது, டிசிசி (தண்டவாளம் வழியே ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனியாக டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) உண்டு, ஒரிஜினல் பெட்டியோடு, 95 பவுண்டு. நாலைந்து படங்கள், ஒரு குட்டி வீடியோ. "மெதுவாக ஓடுமா? பாயிண்ட் மேல் நிற்காமல் போகுமா?" என்று எழுதிக் கேட்டேன். "தவழும். என் லேஅவுட்டில் பாயிண்ட்டுகள் மேல் ஓட்டிப் பார்த்துவிட்டேன்" என்று எழுத்தில் பதில் வந்தது. இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை செய்யப்போவது இதுதான்.

அடுத்து பணம். பேபாலில் "நண்பர்கள், குடும்பத்தினர்" வழியாக அனுப்பச் சொன்னார். அந்த வழியில் போகும் பணத்துக்கு வாங்குகிறவருக்கான பாதுகாப்பு கிடையாது. முடியாது என்றேன், கட்டணத்தை நானே சேர்த்துத் தருகிறேன் என்றேன். "எங்கள் பொழுதுபோக்கில் ஒருவரை ஒருவர் நம்புவதுதான் வழக்கம்" என்று கொஞ்சம் கோபித்துக்கொண்டார். அப்புறம் ஒப்புக்கொண்டார். நம்பிக்கையைப் பற்றி வகுப்பெடுக்கும் விற்பனையாளர் யாராக இருந்தாலும் கட்டணத்தோடுதான் அனுப்ப வேண்டும் என்பது என் கட்சி.

பார்சல் வந்தது. பெட்டியின் ஓரத்தில் இருந்த லேபிள் பச்சை நிற 08-க்கு உரியது. உள்ளே இருந்தது நீலம். அதைவிடுங்கள், பெட்டியா ஓடப்போகிறது? கிளப் மேசையில் டிசிசி போட்ட தண்டவாளத்தில் வைத்த மறுநொடி "ர்ர்ர்ர்" என்று ஒரு இரைச்சல். டீகோடர் (அந்தக் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் சின்னச் சில்லு) இல்லாத மோட்டார் டிசிசி மின்சாரத்தில் போடும் சத்தம் அது. அப்படியே விட்டால் மோட்டார் சூடாகிக் கருகிவிடும் என்பதால் உடனே தூக்கிவிட்டேன். பாடியைக் கழற்றிப் பார்த்தால் எட்டு முள் சாக்கெட்டில் டீகோடருக்குப் பதில் வெறும் அடைப்பு பிளக்தான் குந்தியிருக்கிறது. டீகோடர் பொருத்த இடம் இருப்பது வேறு, டீகோடர் இருப்பது வேறு. "டிசிசி உண்டு" என்று எழுதினால் இரண்டையும் சேர்த்து மழுப்பிவிடலாம்.

டீகோடர் தேவைப்படாத பழைய டிசி கன்ட்ரோலரில் போட்டுப் பார்த்தோம். வேகமாக விட்டால் ஓடியது. குமிழைக் குறைக்கக் குறைக்க நொண்ட ஆரம்பித்தது. சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்துக்கு வந்ததும் தயங்கும், முக்கும், ஒரு குதி குதித்துத் தாண்டும். இன்னும் குறைத்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும், மோட்டார் மட்டும் முனகும்.

கிளப்பில் இந்த மாதிரி இன்ஜின்களையே பிரித்து மேயும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பூதக்கண்ணாடியை எடுத்து, வலது பக்கப் பின் சக்கரத்தைப் பார்த்தார். "இங்கே பார்" என்று என்னிடம் நீட்டினார். 08-இல் சக்கரங்களுக்கு வெளியே சட்டம், சட்டத்துக்கும் வெளியே அச்சின் முனையில் ஒரு கிராங்க் (அச்சோடு சுழலும் கை), மூன்று கிராங்குகளையும் இணைக்கும் கப்ளிங் ராட். அந்தப் பின் கிராங்கைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி மெல்லிய வெள்ளைப் படலம். சூப்பர் க்ளூவின் ஆவி படிந்தால் அப்படித்தான் வெளுக்கும். விரலால் லேசாகத் திருப்பினார். கிராங்க் அச்சை விட்டுத் தனியாக அசைந்தது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு அச்சின் இடது கிராங்கும் வலது கிராங்கும் ஒன்றுக்கொன்று சரியாக 90 டிகிரி விலகி நிற்க வேண்டும், மூன்று அச்சிலும் ஒரே மாதிரி. ஒரு கிராங்க் நாலு டிகிரி நழுவினாலும் போதும், ராட்கள் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்று ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இடத்தில் இறுக ஆரம்பிக்கும். வேகமாகப் போகும்போது இன்ஜினின் உந்துவிசையே அந்த இறுக்கத்தைத் தாண்டிவிடும், வெளியே தெரியாது. மெதுவாகப் போகும்போதுதான் குட்டு வெளிப்படும். இதைச் சரியாகச் செய்ய சக்கரத்தைக் கழற்றி, கோணம் பிடிக்கும் ஜிக்கில் வைத்து, அதற்கென்று உள்ள பசை போட்டு நிறுத்த வேண்டும். கடையில் கிடைத்த சூப்பர் க்ளூவைக் கண்ணளவில் ஒரு சொட்டு விட்டால், வீடியோ எடுத்து முடிக்கும்வரை நிற்கும்.

வீடியோவை மறுபடி போட்டு, விற்றவர் அதை எப்படி எடுத்திருக்கிறார் என்று பார்த்தோம். நேரான தண்டவாளம், பாயிண்ட் எதுவும் இல்லை. ஃப்ளெக்ஸி (வளைக்கக்கூடிய) தண்டவாளம் ஒரு துண்டு ஒரு கஜம், அதாவது 914 மில்லிமீட்டர். இணைப்புக்கு இணைப்பு இன்ஜின் இரண்டு வினாடியில் கடந்தது. 76-இல் ஒரு பங்கு அளவுக்கு இதை நிஜ வேகமாக மாற்றினால் மணிக்குக் கிட்டத்தட்ட 80 மைல்! 15 மைல் ஓடும் வண்டி எக்ஸ்பிரஸ் வேகத்தில் பறக்கிறது. நிஜத்துக்குப் பொருந்த ஓட்டினால் அதே துண்டைக் கடக்கப் பத்து வினாடிக்கு மேல் ஆக வேண்டும். படங்கள் எல்லாமே இடது பக்கத்திலிருந்து எடுத்தவை என்பதையும் பெரியவர்தான் காட்டினார்.

விற்றவருக்கு எழுதினேன். முதலில் "தபாலில் அடிபட்டிருக்கும்" என்றார். தபாலில் அடிபட்டால் சூப்பர் க்ளூ எப்படி வரும் என்று கேட்டேன். "நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது" என்றார். குறைவாக ஓடியது என்றீர்களே என்றதற்கு, "என்னிடம் குறைவாகத்தான் ஓடியது" என்றார். அப்புறம் "பழைய பொருள், இருக்கிறபடி விற்றேன்" என்று முடித்துக்கொண்டார். விளம்பரத்தில் "இருக்கிறபடி" என்ற பேச்சே கிடையாது.

பேபாலில் புகார் போட்டேன். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வெற்று சாக்கெட்டின் படம், கிராங்கின் படம், முக்கியமாக "தவழும்" என்ற அந்த வரி. விவரித்தபடி பொருள் இல்லை என்று தீர்ப்பாகி, திருப்பி அனுப்பினால் பணம் என்றார்கள். அனுப்பினேன், பணம் வந்தது. திருப்பி அனுப்பிய தபால் செலவு மட்டும் என் தலையில். ஆக எனக்குப் பெரிய நஷ்டமில்லை. "நண்பர்கள்" வழியில் அனுப்பியிருந்தால் 95 பவுண்டும் கோவிந்தா.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கடைக்காரரிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பழைய பொருளும் தரமாக இருக்க வேண்டும். குறை இருந்தால் 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பலாம். ஆன்லைனில் வாங்கியிருந்தால் காரணமே சொல்லாமல் திருப்பவும் 14 நாள் உண்டு. தனிநபரிடம் வாங்கினால் இதெல்லாம் கிடையாது. பொருள் அவருடையதாக இருக்க வேண்டும், அவர் சொன்னபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் தனிநபர் விற்பனையில் உங்களைக் காப்பாற்றுவது அவர் எழுதிய வார்த்தைகள் மட்டுமே. ஃபோனில் பேசியது காற்றோடு போகும். என் ஆளோ "என் சொந்தக் கலெக்‌ஷனைக் குறைக்கிறேன்" என்கிறவர். அவருடைய பழைய விளம்பரங்களைப் புரட்டினால் இன்ஜின் இன்ஜினாக, பல அளவுகளில், மாதக்கணக்கில் விற்றுக்கொண்டே இருக்கிறார். வியாபாரம் செய்கிறவர் தன்னைத் தனிநபர் என்று காட்டிக்கொள்வது இங்கே சட்டப்படி தடை செய்யப்பட்ட வேலை. அவரிடம் அதை எழுதிக் கேட்டேன். பதிலாக என்னை பிளாக் செய்துவிட்டார்.

ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. நான் வாங்கி, யாராவது வருகிறவர் பையில் போட்டு, அது உங்கள் கைக்கு வந்து நீங்கள் ஓட்டிப் பார்ப்பதற்குள் திருப்பும் கெடு எல்லாம் தாண்டியிருக்கும். அதனால் இனி இங்கேயே மேசையில் ஓட்டிப் பார்க்காமல் எதையும் அனுப்ப மாட்டேன், தாமதம் என்று திட்டாதீர்கள்.

வாங்குவதற்கு முன் வீடியோ கேட்டால் இப்படிக் கேளுங்கள்: பாயிண்ட் மேல் ஏறி இறங்க வேண்டும், ஒரு கஜத்தைக் கடக்கப் பத்து வினாடியாவது எடுக்க வேண்டும், நடுவில் ஒருமுறை நின்று கையால் தள்ளாமல் மறுபடி கிளம்ப வேண்டும், இரண்டு பக்கமும் தெரிய வேண்டும். பிளாஸ்டிக் ஃப்ராக் (தண்டவாளங்கள் குறுக்கிடும் இடத்தில் மின்சாரம் பாயாத துண்டு) உள்ள பாயிண்ட்டாக இருந்தால் இன்னும் நல்லது. 08 மாடலின் முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் நடுவே சுமார் 46 மில்லிமீட்டர்தான், மின்சாரம் எடுக்கும் தகடு ஒன்று சக்கரத்தைத் தொடாமல் இருந்தாலும் அங்கே நின்று காட்டிக்கொடுக்கும். டிசிசி என்றால் டீகோடரையே படம் எடுத்துக் கேளுங்கள். வயதான மாடலாக இருந்தால் சேஸியின் அடிப்பக்கத்தையும் கேளுங்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்திருந்தால் நாளாவட்டத்தில் உலோகம் உப்பி, மயிரிழை விரிசல் விட்டு, பாடியையே பிதுக்கிவிடும். அதற்கு வைத்தியம் கிடையாது.

போன வாரம் அதே இன்ஜின் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. அதே வீடியோ, அதே பெட்டி, விலை 110 பவுண்டு. நீல நிறம், முன்பக்கத்தில் ஒரு விளக்கு உடைந்து குச்சி மட்டும் நிற்கும். "டிசிசி உண்டு, மிகக் குறைவாக ஓடியது" என்றேதான் எழுதியிருக்கிறார். கண்ணில் பட்டால் வலது பக்கப் பின் சக்கரத்தைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.