நண்பர் குழுவா, கலப்புக் குழுவா?

விஞ்ஞானச் செயற்றிட்டம் என்றதுமே தரம் 10 பிள்ளைகள் கேட்பது, “சேர், குறூப்ப நாங்களே பிரிக்கட்டா?” இந்தத் தவணை நான் விடவில்லை, நானே கலந்து பிரித்தேன். புதிதாக ஏதாவது வர வேண்டுமென்றால் கலப்புக் குழுதான் என்பது என் கட்சி.

நண்பர் குழுவின் நன்மை தெரிந்ததே. சண்டை குறைவு, வேலை வேகம். கண்காட்சிக்கு வழக்கமான மாதிரி ஒன்றை அழகாகச் செய்து வைக்க அது போதும்.

ஆனால் ஒரே ஒழுங்கையில் வளர்ந்து ஒரே டியூஷனுக்குப் போகும் நாலு பேருக்கும் தெரிந்தது ஏறக்குறைய ஒன்றேதான். வெயிலில் மீன் உலர்த்தும் பெட்டி செய்தபோது, கலப்புக் குழு ஒன்றில் மட்டக்களப்பு வாவியில் வலை போடும் வீட்டுப் பிள்ளை இருந்தாள். மற்றவர்கள் கண்ணாடி வைத்துப் பெட்டியை இறுக்கி மூட, “மேலால ஓட்டை இல்லாட்டி ஈரம் எங்கால போற? கருவாடு நாறிரும்” என்றாள். கீழே காற்று நுழையவும் மேலே வெளியேறவும் வழி வைத்தார்கள். புள்ளிப் பட்டியலில் முன்னுக்கு நிற்கிற பிள்ளை அல்ல அவள்.

சரி, கலந்துவிட்டால் போதுமா? போதாது. யார் பேசுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2010இல் ‘சயன்ஸ்’ இதழில் அனிட்டா வூலியும் சகாக்களும் 699 பேரைச் சிறு குழுக்களாக்கிச் செய்த ஆய்வு வெளிவந்தது. குழுவில் எத்தனை கெட்டிக்காரர் என்பதைவிட, பேச்சு எல்லோருக்கும் பகிரப்படுவதும் அடுத்தவர் மனதை உணர்வதுமே குழுவின் திறமையோடு கூடுதலாக ஒத்துப்போயின. வகுப்பிலும் அதுதான். முதலாம் பிள்ளை பேனையைப் பிடித்துவிட்டால் மற்ற மூவரும் மட்டை வெட்டும் கூலிகள். அதனால் முதலில் ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் அவரவர் யோசனையைக் கொப்பியில் எழுத வேண்டும். பிறகு சுற்றாக வாசிக்க வேண்டும். தலைவர் கடைசியில்தான் பேசலாம். குறிப்பெடுப்பவர் கிழமைக்குக் கிழமை மாறுவார். நண்பர் குழுவிடம் இதைச் சொன்னால் சிரித்துவிட்டுப் பழையபடி தொடங்கிவிடுவார்கள்.

கலப்பதில் இடைஞ்சலும் உண்டு. ஆரம்பத்தில் வேலை நகராது. படுவான்கரையிலிருந்து வாவி கடந்து வரும் பிள்ளை பின்னேரம் நிற்க முடியாது. எல்லாம் பாடசாலை நேரத்துக்குள் முடிய வேண்டும். தவணைப் பரீட்சை நெருங்கிவிட்டால் நண்பர் குழுவையே விட்டுவிடுங்கள்.

உயர்தர வகுப்பில் எனக்கு அனுபவம் குறைவு. தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் இங்கே பெரும்பாலும் வேறு வேறு பாடசாலைகளில் படிப்பதால், இனம் கலந்த குழுக்களை ஒருநாள் பாசறைகளில்தான் பார்த்திருக்கிறேன். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் எப்படிக் கலந்தாலும் நாலு பேருக்கு மேல் போடாதீர்கள். ஐந்தாவது ஆள் அனேகமாகத் தண்ணீர்ப் போத்தலோடு ஜன்னலோரம்தான் நிற்பார்.