1966 மஸ்டாங்கும் 2015 மஸ்டாங்கும்: எட்டு ஆண்டு அனுபவம்

அமெரிக்காவின் மிச்சிகனில் எங்கள் வீட்டுக் கராஜில் ஃபோர்டு நிறுவனத்தின் 1966ஆம் ஆண்டு மஸ்டாங் கூப்பே (இரண்டு கதவுக் கார்) ஒன்றும், 2015ஆம் ஆண்டு மஸ்டாங் ஜி.டி. ஒன்றும் நிற்கின்றன. எட்டு ஆண்டுகளாக இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிவருகிறேன். வாங்கிய புதிதில் நானும் எல்லோரையும்போல எஞ்சினின் திறனைத்தான் ஒப்பிட்டேன். பழையதில் 4.7 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், 200 குதிரைத்திறன். புதியதில் 5 லிட்டர் வி8, 435 குதிரைத்திறன். 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் ஏர் ஃபில்டர், சைலன்சர் போன்றவை இல்லாத வெற்று எஞ்சினை அளந்தே திறனைக் குறிப்பிட்டார்கள் என்பதால், உண்மையான இடைவெளி இந்த எண்கள் காட்டுவதைவிடப் பெரிது.

ஆனால் ஓட்டும்போது எனக்கு முதலில் தெரிவது பின் ஆக்சில்தான். பழைய காரின் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்சிலில், பட்டை வில்களோடு பிணைந்திருப்பதால், வளைவில் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றதும் சேர்ந்து அசைந்து, வண்டியின் பின்பகுதி சற்றே விலகிப் போகிறது. வில்களின் வகை இடையில் மாறினாலும், ஒருசில சிறப்பு மாடல்களைத் தவிர, மஸ்டாங் 2014 வரை இந்த ஒற்றை ஆக்சில் அமைப்பிலேயே வந்தது. 2015இல் பின் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்ததை, இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளின் மிகப்பெரிய மாற்றம் என்றே கருதுகிறேன்.

பிரேக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் பழைய காரில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். பிரேக் திரவத்தை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரும் ஒற்றைச் சுற்று உடையது, ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கும் போய்விடும். இரண்டாம் ஆண்டிலேயே முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் இரட்டைச் சுற்று சிலிண்டரும் பொருத்திவிட்டேன். காரின் அசல்தன்மை கெட்டுவிட்டதென்று முகம் சுளித்தவர்கள் உண்டு, நான் வருந்தவில்லை.

பழையதற்கே உரிய நிறைகளும் இருக்கின்றன. அது ஏறத்தாழ 1,300 கிலோ. புதியது 1,680 கிலோ. அகலத்திலும் பழையது ஏழு அங்குலம் குறைவு. கூரையைத் தாங்கும் தூண்கள் மெலிந்தவை என்பதால் நாற்புறமும் தெளிவாகத் தெரிகிறது. குளிர்ந்த காலையில் ஆக்சிலரேட்டரை ஒருமுறை முழுவதும் மிதித்துவிட்டால்தான் கார்புரேட்டரின் சோக் (காற்றைக் குறைக்கும் தகடு) மூடிக்கொள்ளும். அதன் பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். ஸ்பார்க் பிளக், அதற்கு மின்பொறி தரும் பாயின்ட் எல்லாவற்றையும் நானே சரிசெய்துகொள்கிறேன். புதியதில் ஆயில் மாற்றுவதற்கு அப்பால் ஸ்கேனர் இல்லாமல் நான் எதையும் தொடுவதில்லை. பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவும் மாதங்களில், துருப்பிடிக்கும் என்பதால் பழையது வெளியே வருவதே இல்லை.

அதில் இடுப்புப் பெல்ட் மட்டுமே உண்டு, தலை சாய்ப்பான் இல்லை, டிக்கியின் தரையாக இருப்பதும் பெட்ரோல் டாங்கின் மேல்தகடுதான். ஆகவே மகள் எவ்வளவு கெஞ்சினாலும் அவளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது புதிய காரில்தான்.