எம்ஆர்2-க்கு டர்போவா, வி6-ஆ?

டர்போ இல்லாத எஸ்டபிள்யூ20 எம்ஆர்2-இல் (டொயோட்டாவின் இரண்டாம் தலைமுறை எம்ஆர்2 ஸ்போர்ட்ஸ் கார்) வேறு எஞ்சினைப் பொருத்தி, தென்னாப்பிரிக்காவின் கடலோர டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் அருகிலுள்ள கயலாமி ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோவதென்றால், முதலில் உயரத்தைப் பாருங்கள். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர். காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்பனில் 200 கிலோவாட் தரும், டர்போ இல்லாத டொயோட்டா 2ஜிஆர்-எஃப்இ வி6 எஞ்சின் அங்கே 170-ஐ ஒட்டித்தான் தரும். டொயோட்டாவின் மூன்றாம் தலைமுறை டர்போ எஞ்சினான 3எஸ்-ஜிடிஇ, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால், தன் 180-இல் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொள்ளும்.

அது சும்மா கிடைப்பதில்லை. டர்பனில் 0.8 பார் பூஸ்ட் (வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் டர்போ கூட்டும் அழுத்தம்) தரும் அதே மொத்த அழுத்தத்தை எட்ட, கயலாமி உயரத்தில் 0.97 பார் வேண்டும். உள்ளே வரும் காற்றை டர்போ எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற அழுத்த விகிதம் 1.8-லிருந்து 2.1-ஐத் தாண்டும், டர்போ வேகமாகச் சுழலும், காற்று இன்னும் சூடாகும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பக்கவாட்டு இன்டர்கூலருக்குக் காற்றோட்டம் போதாது. சில சுற்றுகளிலேயே சூடேறி, இசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) இக்னிஷன் டைமிங்கைக் குறைக்க, வேகம் போய்விடும். தண்ணீர் வழி குளிரும் இன்டர்கூலர், ஆயில் கூலர் இரண்டையும் செலவில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். அந்த 0.97 செட்டிங்கோடு கடற்கரைக்கு இறங்கி ஓட்டினால் நாக்கிங் (எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்து பிஸ்டன் உடையலாம். மலைக்கு ஒன்று, கடற்கரைக்கு ஒன்று என இசியு-வில் இரண்டு மேப் (செட்டிங் தொகுப்பு) அவசியம். கடலோரம் அல்லாத உள்நாட்டில் 93 ஆக்டேன் பெட்ரோலும் கிடைக்கும். டர்போவுக்கு அது வேண்டாம், 95 போடுங்கள்.

பொருத்துவதில் 3எஸ்-ஜிடிஇ எளிது. டொயோட்டாவே இந்த பாடியில் வைத்து விற்ற எஞ்சின் அது. வயரிங் ஹார்னஸ், இசியு, ஃப்யூல் பம்ப், டர்போ எம்ஆர்2-இன் இ153 கியர்பாக்ஸ், அதன் ஆக்சில்கள் போதும். வி6-க்கும் இ153 தேவை. கூடவே மவுண்ட் கிட், ஹார்னஸ் வேலை, எக்ஸாஸ்ட் வெல்டிங்.

கேப் டவுனின் கில்லார்னி போன்ற கடலோர டிராக்கில்தான் அதிகம் ஓடுவீர்களென்றால் வி6. கயலாமி, பிரிட்டோரியாவின் ஸ்வார்ட்கொப்ஸ் போன்ற உயரமான டிராக் என்றால் டர்போ, ஆனால் கூலிங்குக்குப் பணம் ஒதுக்கிய பிறகுதான்.