மூங்கிலா, பூவரசா, பனமட்டையா? ராம்நாட் கடலோர வீட்டுக்கு எந்த மறைப்பு நிக்கும்

கீழக்கரை, பெரியபட்டினம், உச்சிப்புளி, தேவிபட்டினம்னு நம்ம கரையோர ஊர்ல எல்லாம் இப்ப பக்கத்து வீடு மாடி வீடா ஆயிருச்சு, ஆறடி காம்பவுண்டு சுவர் இருந்தும் மேல நின்னு பாத்தா கொல்லை, கிணத்தடி, துணி காயப்போடுற இடம் எல்லாம் அப்படியே தெரியுது, வீட்டுப் பொம்பளைங்க பின்பக்கம் நிம்மதியா நிக்க முடியல. அதான் மூங்கில் வைக்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. வைக்கலாம், ஆனா எல்லா வீட்டுக்கும் இல்ல, ஒரே வீட்டுலயும் எல்லாப் பக்கத்துக்கும் இல்ல.

முதல்ல ஒரு பயத்தை ஓரமா வச்சிருங்க. யூடியூப்ல வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு, மூங்கில் வேர் ஓடி வீட்டையே தூக்கிரும், மண்ணுக்குள்ள பிளாஸ்டிக் ஷீட் இறக்கணும்னு சொல்றாங்க. அது குளிர் நாட்டுல வளர்ற ஓடுற வகை. நம்ம நர்சரில கிடைக்கிற மல்டிபிளெக்ஸ்ங்கிற மூங்கில், மஞ்சக் கழியில பச்சைக் கோடு போட்ட மூங்கில், முள் மூங்கில் எல்லாம் ஒரே இடத்துல தூர் கட்டி நிக்கிற வகை. தூர் வருஷா வருஷம் கொஞ்சம் அகலும், அதனால சுவர்ல இருந்து மூணு அடியாவது தள்ளி வைக்கணும், அவ்வளவுதான். வாங்கும்போது மட்டும் தூர் கட்டுற வகைதானான்னு கேட்டுக்கோங்க, ஏன்னா கோல்டன் பேம்புங்கிற ஒரே பேர்ல ரெண்டு வகையும் இருக்கு. வேலிக்கு மல்டிபிளெக்ஸ்தான் என் சாய்ஸ், பதினஞ்சு இருபது அடியோட நின்னுக்கும், அடியில இருந்தே இலை இருக்கும், மூணு அடிக்கு ஒண்ணு வச்சா போதும். மஞ்ச மூங்கில் அழகுதான், ஆனா முப்பது அடிக்கு மேல போகும், கரண்ட் கம்பி பக்கத்துல வேண்டாம். முள் மூங்கில் வீட்டுக்குள்ள வேண்டவே வேண்டாம்.

நம்ம கரையில மூங்கிலுக்கு உண்மையான எதிரி உப்புதான், அது தண்ணில இருந்தும் வரும் காத்துல இருந்தும் வரும். மூங்கில் புல்லு ஜாதி, வேர் எல்லாம் மேலாப்பல ரெண்டடிக்குள்ளேயே பரவும், மணல்ல தண்ணி நிக்காது, அப்ப அடிக்கடி ஊத்தணும், ஊத்துற தண்ணி உவர்ப்பா இருந்தா ஊத்த ஊத்த வேர்ல உப்பு சேந்துக்கிட்டே போகும், இலை நுனி காய்ஞ்சு காவி நிறமாகும். தண்ணில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற டிடிஎஸ் மீட்டர் யார்கிட்டயாவது வாங்கி கிணத்துத் தண்ணிய பாருங்க. ஆயிரத்தைத் தாண்டுச்சுன்னா நான் மூங்கில் பக்கமே போகமாட்டேன். சித்திரை வைகாசில பாக்கணும், மழை முடிஞ்ச கையோட பாத்தா எல்லாக் கிணறும் நல்ல தண்ணியாத்தான் தெரியும்.

காத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம்னு மன்னார் வளைகுடா பக்கம் இருக்கிறவங்களுக்கு ஆனி ஆடில கச்சான்ங்கிற தென்மேற்குக் காத்து அடிக்கும்போது கடல் சாரல் நேரா வீட்டுக்குள்ள வருது, அந்த மாசத்துல மழையும் இல்ல, இலைல படிஞ்ச உப்பு கழுவுப்படாம வெயில்ல கருகும். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வாடைக்காத்துல சாரல் வந்தாலும் அது மழையோட வருது, மழையே கழுவி விட்டுரும். அதனால தொண்டி மாதிரி பாக் விரிகுடாப் பக்கம் மூங்கில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், தெக்குக் கரையில கடலைப் பாத்த பக்கம் வச்சா காசுக்குப் பிடிச்ச கேடு.

பூவரசு அப்படி இல்ல, அது கடலோரத்துலயே பிறந்து வளர்ற மரம். உவர் தண்ணி, மணல், உப்புக்காத்து எதுக்கும் அசையாது. நர்சரிக்கே போக வேண்டாம், மணிக்கட்டு பருமன்ல ஏழெட்டு அடி போத்து, அதாவது நடுறதுக்கான கிளை, வெட்டி ரெண்டடி ஆழத்துல மூணடிக்கு ஒண்ணா நட்டா சில வாரத்துல துளிர்த்துரும். குறுக்கால மூங்கில் பட்டையோ பனைநாரோ வச்சுக் கட்டி விட்டா படல் மாதிரி நேரா நிக்கும், போத்துல வந்த மரத்துக்கு ஆணிவேர் இருக்காதுங்கிறதால முதல் ரெண்டு வருஷம் இந்தக் கட்டு அவசியம். நட்ட அன்னைக்கே அஞ்சாறு அடி உயரம் கையில இருக்கு, இதுதான் மூங்கிலை விட பெரிய லாபம். மூங்கில்ல குருத்து எந்தப் பருமன்ல மண்ணை விட்டு வருதோ கடைசி வரைக்கும் அதே பருமன்தான், சின்னக் கன்னு முதல் வருஷம் பென்சில் கழிதான் விடும், வருஷத்துக்கு வருஷம் புதுக் கழி உயரமாகி மூணு வருஷம் ஆனாத்தான் மாடிய மறைக்கும்.

பூவரசுல குறை இல்லாம இல்ல. வருஷா வருஷம் கவாத்து பண்ணலேன்னா மேல மட்டும் குடை விரிச்சு அடி மொட்டையாயிரும், மறைப்பு வேணும்னு நினைக்கிற உயரத்துல ஓட்டை விழும். மாவுப்பூச்சி வரும், காய்ல செம்பூச்சி மொய்க்கும். அகலமும் எடுக்கும், மூங்கில் நிக்கிற ஒடுக்கத்துக்கு பூவரசு நிக்காது. ஆனா வெட்டுற தழை ஆட்டுக்கு ஆச்சு, இலை கொழுக்கட்டைக்கு ஆச்சு. மூங்கில் சருகு வருஷம் பூரா கொட்டிக்கிட்டே இருக்கும், தண்ணித் தொட்டி மூடி இல்லேன்னா தினமும் அள்ளணும், பெருக்க ஆள் இருக்கான்னு யோசிச்சுட்டு வைங்க.

சவுக்கு உப்புக்காத்தைத் தாங்கும், ஆனா வேலியா வச்சா சின்னதுல இருந்தே வெட்டிப் பழக்கணும், வயசானா அடி வெளுத்துரும், ஒட்ட வெட்டினா நம்ம ஊர் சவுக்கு திரும்ப துளிர்க்கிறதும் கஷ்டம். கொடுக்காப்புளி ரெண்டு வரிசையா விதை போட்டு வளத்தா ஆடு மாடு உள்ள வராது, பழமும் கிடைக்கும், பிள்ளைங்க வெறுங்காலோட ஓடுற வீட்டுக்கு முள்ளுதான் தொந்தரவு. கோனோகார்பஸ்னு ஒண்ணை சீக்கிரம் வளரும், உப்பு தாங்கும்னு சொல்லி விக்கிறாங்க, ரெண்டும் நிஜம்தான், ஆனா அதோட வேர் தண்ணி பைப்புக்குள்ளயும் சாக்கடைக்குள்ளயும் போகும், குஜராத்துல 2023லயே நடக்கூடாதுன்னு தடை போட்டாங்க. தயவுசெஞ்சு அதை வாங்காதீங்க.

பனமட்டை வேலியை யாரும் மறைப்புக் கணக்குலயே சேக்குறதில்ல, எனக்கு அது வருத்தம். சாயல்குடி பக்கம் மட்டைக்குப் பஞ்சமே இல்ல, ஒரே நாள்ல கட்டி முடிக்கலாம், தண்ணி வேண்டாம், காத்தை முட்டி நிறுத்தாம வடிகட்டி விடும். ரெண்டு வருஷத்துல மாத்தணும், அடுப்படி பக்கம் தீ பயம் உண்டு, மாடி உயரத்துக்கு கட்ட முடியாது. ஆனா செடி வளர்ற வரைக்கும் கச்சான் சாரலைத் தடுக்க இதை விட நல்லது இல்ல.

என்னைக் கேட்டா கடலைப் பாத்த பக்கம் பூவரசு, அதுக்கு வெளிய முதல் ரெண்டு வருஷம் பனமட்டை. வீட்டுக்குப் பின்னால காத்து மறைஞ்ச பக்கம், கிணத்துத் தண்ணியும் நல்லா இருந்தா, குளிக்கிற தண்ணி வடியுற வாகுல மூங்கில், சோப்பு கொஞ்சமா இருக்கிற வரைக்கும் அந்தத் தண்ணியே அதுக்கு போதும். குழியில மணல்தான் இருக்கும், அதனால கண்மாய் வண்டல், மக்குன எரு, வேப்பம்புண்ணாக்கு கலந்து நிரப்பி மேல சருகையே மூடாக்கா போடுங்க, கூட்டித் தள்ளாதீங்க. ரெண்டையுமே புரட்டாசி கடைசில நட்டுட்டா ஐப்பசி கார்த்திகை மழை வேர் பிடிக்க வச்சுரும், மாசில நடுறவங்க அந்தக் கோடை பூரா குடத்தோட அலையணும். வெட்டின பூவரசு போத்தை ஒரு நாள் நிழல்ல சாச்சு வச்சு, அடிப்பக்கம் மேல போயிறாம பாத்து நடுங்க.