பீட்டிலுக்குப் போட்ட நாலுக்கு ஒன்று எக்ஸாஸ்ட்: ஆறு மாத அனுபவம்

என்னுடையது 1971 ஃபோக்ஸ்வாகன் பீட்டில், 1600 சிசி டூயல் போர்ட் இன்ஜின். பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையானதும், அதே மாதிரி ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டுப் போகாமல், ஆசைப்பட்டு நான்கு குழாய்களும் ஒன்றாகச் சேரும் ஹெடரையும் அதற்கான மஃப்ளரையும் (சைலன்சர்தான்) வாங்கினேன்.

சத்தம் அருமை. கீழே கொஞ்சம் உறுமல், மிதித்தால் நல்ல கனம். பவர்? பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், மற்றதெல்லாம் ஸ்டாக்காக, அதாவது கம்பெனியில் வந்தபடியே இருக்கும் இன்ஜினில் வித்தியாசம் முக்கால்வாசி காதுக்குத்தான். குழாய் 1⅜ அங்குலமே போதும், ஒன்றரை அங்குலம் பெரிய இன்ஜினுக்கானது.

தலைவலி கொடுத்தது ஹீட் ரைசர். கார்புரேட்டருக்குக் கீழே இருக்கும் மேனிஃபோல்டை (பெட்ரோல்-காற்றுக் கலவை இன்ஜினுக்குப் போகும் குழாய்) சூடாக்க எக்ஸாஸ்டிலிருந்து ஒரு சின்னக் குழாய் போகுமே, அதன் ஃபிளாஞ்ச் (போல்ட் போடும் தட்டை விளிம்பு) இதில் சரியாக உட்காரவே இல்லை, அரம் வைத்து அரை நாள் ராவினேன். இந்த இணைப்பே இல்லாத ஹெடர்களும் விற்கிறார்கள், விலை குறைவு என்று வாங்கிவிடாதீர்கள். குளிர்காலக் காலையில் மேனிஃபோல்டு பனி பிடித்து, மிதிக்கும்போதெல்லாம் வண்டி திக்கும்.

எக்ஸாஸ்ட் சூட்டில் காற்றைச் சூடாக்கி காருக்குள் அனுப்பும் ஹீட்டர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வெறும் ஜே பைப் (J வடிவக் குழாய்) போடலாம் என்று கடைக்காரர் சொன்னார், நான் கேட்கவில்லை. ரேடியேட்டரே இல்லாத காரில் உள்ளே சூடு வருவது ஹீட்டர் பாக்ஸ் வழியாகத்தானே.

கறுப்புப் பெயிண்ட் முதல் வாரத்திலேயே கருகி உரிந்தது. செராமிக் கோட்டிங் உள்ளதற்குக் காசு கொடுத்திருக்கலாம். அப்புறம், மஃப்ளர் கொஞ்சம் தாழ்வாகத் தொங்குகிறது, வேகத்தடையில் ஏற்கெனவே இரண்டு முறை தட்டிவிட்டது.

ஐந்துக்கு மூன்றரை.