'கொலை செய்யாதே' என்ற வினைக்கு ஸ்ட்ராங் அகராதி போதுமா?

ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்ட ஒத்தவாக்கிய அகராதிதான் (ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் நூல்) இன்றும் பல வேதாகமச் செயலிகளின் அடித்தளம். வசனத்தில் ஒரு சொல்லைத் தொட்டதும் எட்டிப் பார்க்கும் எண், அதன் மூலமொழிச் சொல்லுக்குப் பெரும்பாலும் அவர் இட்டது. அதன் கிரேக்கப் பகுதி எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று பார்க்க, 5407-ஆம் எண்ணுள்ள 'ஃபொனெயூஓ' (கொலை செய்) என்ற வினை நல்ல உரைகல்.

பதிவில் மூன்று துண்டுகள் உண்டு: சொல்லின் பிறப்பு, சுருக்கமான பொருள், ஒரு கோட்டுக்குப் பின் சில ஆங்கிலச் சொற்கள். பலரும் சறுக்குவது இந்தக் கடைசித் துண்டில்தான். அது பொருள் பட்டியல் அல்ல. கிங் ஜேம்ஸ் ஆங்கில மொழிபெயர்ப்பு அந்த வினையை எப்படியெல்லாம் பெயர்த்தது என்ற கணக்கு மட்டுமே. புதிய ஏற்பாட்டில் இவ்வினை வரும் 12 இடங்களில் 10 இடங்களில் 'கில்', ஓரிடத்தில் 'மர்டர்', ஓரிடத்தில் 'ஸ்லே'. மத்தேயு 5:21-இலும் 19:18-இலும் கிரேக்கத்தில் இருப்பது 'ஊ ஃபொனெயூசெய்ஸ்' என்ற ஒரே வடிவம். முன்னதைக் 'கில்' என்றும் பின்னதை 'மர்டர்' என்றும் பெயர்த்த வேறுபாடு மொழிபெயர்ப்பாளர்களுடையது. அதை வைத்து இரண்டு பொருள் கற்பிப்பது தவறு.

பிறப்பைப் பொறுத்தவரை ஸ்ட்ராங் நேர்மையான வழிகாட்டி. 5407-இலிருந்து 5406-க்கு (கொலையாளி), அங்கிருந்து 5408-க்கு (கொலை), பிறகு வழக்கொழிந்த 'ஃபெனோ' என்ற வினைக்கு அனுப்பிவிட்டு நின்றுவிடுகிறார். மொழியியல் அதற்கு அப்பாலும் போகிறது. அடித்தல், தாக்குதல் என்ற பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றிலிருந்து இச்சொற்கள் கிளைத்தன. 'அடி' என்று பொருள்படும் கிரேக்க 'தெய்னோ'வும் சமஸ்கிருத 'ஹன்'னும் உடன்பிறப்புகள். நாம் சொல்லும் பிரமஹத்தியில் உள்ள 'ஹத்தி'யும் அந்தக் குடும்பமே. ஆனால் வேரைக் கொண்டு வசனத்தின் பொருளைத் தீர்மானிக்கக் கூடாது. அதற்குப் பயன்பாட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அங்கேதான் இந்த அகராதியின் ஒருவரிப் பொருள் போதாமல் போகிறது. பொதுவாகக் கொல்வதற்கு வரும் வினை 615-ஆம் எண், 'அபொக்தெய்னோ'. அது உருவகமாகவும் வரும்: ரோமர் 7:11-இல் கொல்வது பாவம், 2 கொரிந்தியர் 3:6-இல் எழுத்து. கொழுத்த கன்றை அடிப்பதற்கு (லூக்கா 15:23) 2380. காயீன் தம்பியைக் கொன்றதற்கு (1 யோவான் 3:12) 4969, கழுத்தறுக்கும் சொல். 337, 'அனைரெஓ', இவற்றிலெல்லாம் விசித்திரமானது. அப்போஸ்தலர் 7:21-இல் பார்வோன் மகள் மோசேயை எடுத்துக்கொண்டதும், அதே அதிகாரம் 28-இல் 'என்னையும் கொல்ல மனதா' என்பதும் இந்த ஒரே வினை. ஸ்ட்ராங் இரண்டு பொருளையும் தருகிறார். எது எந்த வசனத்துக்கு என்று சொல்வதில்லை.

பெரிய குறை வேறு. கிரேக்கப் பகுதி புதிய ஏற்பாட்டுக்கு மட்டுமானது. பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து அதில் இல்லை. எண்ணாகமம் 35:30-இன் கிரேக்கம், சாட்சிகளின் வாக்கின்பேரில் கொலையாளியைக் கொல்வதற்கும் இதே 'ஃபொனெயூஓ'வைப் பயன்படுத்துகிறது. ஆகவே 'இது சட்டவிரோதக் கொலையை மட்டும் குறிக்கும்' என்ற வாதம் நிற்காது. புதிய ஏற்பாட்டின் 12 இடங்களை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியவே வராது. செப்துவஜிந்தைத் தனியாகத் திறந்து தேடுவோர் கவனிக்க: வத்திக்கான் கையெழுத்துப் பிரதியைப் பின்பற்றும் பதிப்புகளில் யாத்திராகமம் 20:13 விபசாரத்தைப் பற்றியது, கொலைக் கட்டளை 15-ஆம் வசனத்தில் இருக்கும்.

வினையின் வடிவத்தையும் எண் மறைத்துவிடும். மத்தேயுவிலும் ரோமர் 13:9-இலும் கட்டளை எதிர்கால வினையில், எபிரெயக் கட்டளைநடையில் இருக்கிறது. மாற்கு 10:19, லூக்கா 18:20, யாக்கோபு 2:11 ஆகியவற்றில் 'மே ஃபொனெயூசேஸ்' என்ற இயல்பான கிரேக்கத் தடைவடிவம். எல்லாவற்றுக்கும் 5407 ஒன்றே. செயலியில் இலக்கணக் குறிப்பும் காட்டும் மூலப் பதிப்பு இருந்தால் அதையே திறக்க வேண்டும்.

காப்புரிமை முடிந்த நூல் என்பதால் இலவசமாகவே கிடைக்கிறது; அச்சுப் பிரதிக்குப் பணம் செலவிட அவசியமில்லை. தேர்ந்தெடுக்கும் செயலி, எண்ணைத் தொட்டால் அது வரும் எல்லா வசனங்களையும் வரிசையாகத் தருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தந்தால், முதலில் 12 வசனங்களையும் படித்துவிட்டு, பிறகே பதிவின் பொருளுக்கு வாருங்கள். 2717-ம், 3203 முதல் 3302 வரையும் காலியாக வந்தால் செயலியில் பழுதில்லை. அந்த எண்களை ஸ்ட்ராங் பயன்படுத்தவே இல்லை.